கிரைண்டர் மேல் குற்றம் இல்லை, வெள்ளத்தின் மேல் பாதிதான்: சிந்துபூந்துறை வீட்டுச் சுவரில் ஒரு நியூட்ரல் கசிவு

திருநெல்வேலி சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கமாக இருக்கிற வீடு. கீழ்த்தளம் தொண்ணூறுகளில் கட்டியது, மாடி பின்னால் எடுத்தது. கீழே சுவருக்குள் பி.வி.சி. பைப் பதித்து இழுத்த வயரிங். லைட்டுக்கு 1/18, பிளக்குக்கு 3/20 என்று அந்தக் காலத்து அளவில் செம்பு வயர். இன்றைய கணக்கில் 1/18 என்பது ஒரு ஸ்கொயர் எம்.எம்.முக்குச் சற்று மேலே, 3/20 கிட்டத்தட்ட இரண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டியபோது இந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சேறு வாரி, கீழ் பிளக்குகளையும் சுவிட்சுகளையும் மாற்றிவிட்டுக் குடியேறினார்கள். அடுத்த கோடையில் டி.பி. பாக்ஸில் (வீட்டு சர்க்யூட்டுகள் எல்லாம் பிரிகிற பெட்டி) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச், சேர்த்தார்கள். வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் நிறைய பேர் செய்த நல்ல காரியம் அது. கோடை முழுக்க அது ஒரு தடவைகூட விழவில்லை, அதாவது டிரிப் ஆகவில்லை. 2024 ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது.

வீட்டுக்கார அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பகலில் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் முழு வரலாறும் அக்காவிடமிருந்துதான் கிடைத்தது.

"கிரைண்டரப் போட்டா டப்புனு விழுது தம்பி. கடையில குடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு திருப்பித் தந்துட்டாவ. பக்கத்து வீட்டுல போட்டா நல்லா ஓடுது. நம்ம வீட்டுல மட்டும்தான் இந்தக் கூத்து."

எப்போது விழுகிறது என்று கேட்டதற்கு, காலையில் வாட்டர் ஹீட்டர் ஓடும்போது கிரைண்டர் போட்டால் நிச்சயம் விழும், மழை நாளில் சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போட்டாலும் விழும், நல்ல வெயில் அடித்தால் எதைப் போட்டாலும் விழாது என்றார். நான் அங்கே கேட்டதிலேயே பயனுள்ள பதில் இதுதான். மூன்றும் வேறு வேறு சர்க்யூட். ஒரே நேரத்தில் மூன்று சாமான் கெட்டுப்போவது நடக்கிற காரியம் இல்லை.

எனக்கு முன் வந்த வயர்மேன் வழக்கமான முறையில் தேடியிருக்கிறார். எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள, லோடு கூடினால் விழுகிற சுவிட்ச்) இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். எல்லாம் ஏறி நின்றது. கிரைண்டர் போட்டதும் விழுந்தது. சமையலறை பிளக்கை மாற்றினார், அப்படியும் விழுந்தது. ஹால் எம்.சி.பி.யை இறக்கி வைத்துவிட்டு ஓட்டினார், விழுந்தது. கடைசியில், "வெள்ளம் வந்த வீடு, வயரெல்லாம் ஊறிப்போயிருக்கும். கீழ்வீடு பூரா கொத்தி புதுசா இழுக்கணும்" என்று முப்பதாயிரத்துக்கு மேல் ஒரு தொகை சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனை இன்னும் மோசம்: ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிடு, இல்லையென்றால் 100 மில்லி ஆம்பியர் ஒன்று வாங்கி மாட்டு. 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்க வைப்பவை. ஆள் உயிரைக் காக்க 30தான். விழுகிறது என்பதற்காகக் காவல்காரனை மாற்றினால் கசிவு எங்கே போகும்?

முதல் வயர்மேன் வேலை தெரியாதவர் இல்லை. அவர் தேடிய முறை ஃபேஸில், அதாவது கரண்ட் வருகிற வயரில், இருக்கும் கசிவைக் கண்டுபிடித்துவிடும். இங்கே கசிந்தது கரண்ட் திரும்பிப் போகிற வயரான நியூட்ரல். வீடுகளில் நாம் மாட்டுகிற ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். அதை இறக்கினாலும் அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரல் வயர், எல்லா நியூட்ரலும் சேருகிற பட்டையான நியூட்ரல் பாரில் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஹால் எம்.சி.பி. கீழே இருக்கும்போதும் ஹால் நியூட்ரல் வழியாகக் கசிவு நடக்கும்.

அண்ணாச்சி கேட்டார்: "நியூட்ரல்ல கரண்டே இருக்காதுல்லா தம்பி, டெஸ்டர் வச்சா எரியாதே?"

டெஸ்டர் எரியாதுதான். ஆனால் ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்புகிறது. ஆர்.சி.சி.பி. செய்வது கடையில் ராத்திரி கல்லா எண்ணுகிற வேலை. போனதும் வந்ததும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கட்டாயம் விழுந்துவிடும், 15க்கு மேலேயே விழலாம். திரும்பி வருகிறதில் கொஞ்சம் நியூட்ரல் வயரை விட்டுச் சுவர் வழியாக எர்த்துக்குப் போனால் கணக்கு இடிக்கும்.

அப்படியானால் எப்போதும் விழ வேண்டியதுதானே, ஏன் கிரைண்டர் போட்டால் மட்டும்? நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்திருக்கிறார்கள். அங்கிருந்து நம் வீடு வரை வருகிற கம்பியில் லோடு ஓடும்போது கொஞ்சம் வோல்டேஜ் விழும். அதனால் வீட்டு நியூட்ரல் எர்த்தைவிட ஓரிரு வோல்ட் மேலே நிற்கும். ஒன்றும் ஓடாத நேரத்தில் அந்த வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் காட்டியது ஒரு வோல்ட். ஹீட்டரைப் போட்டு கிரைண்டரையும் தட்டிவிட்டதும், கிரைண்டர் மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில், நாலு வோல்டுக்கு ஏறியது. கசிகிற இடத்தில் தடை 180 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வோல்டுக்கு ஐந்தாறு மில்லி ஆம்பியர்தான், அது விழாது. நாலு வோல்டுக்கு 22. அது 15ஐத் தாண்டிவிட்டது, விழலாம்; இங்கே விழுந்தது. 180 என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை, அது எங்கே கிடைத்தது என்று கீழே வருகிறது. சாயங்காலம் தெரு முழுக்க லோடு ஏறும்போது எல்லா வீட்டு நியூட்ரலும் சேர்ந்து கொஞ்சம் தூக்கும். மழை நாள் சாயங்காலம் மோட்டார் போட்டால் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக கிரைண்டர் ஒரு பாவமும் செய்யவில்லை. நியூட்ரலைத் தூக்கிவிட்டது மட்டும்தான் அது செய்தது.

சுவரைத் தொடும் முன்

மெயினை இறக்கினோம். இன்வெர்ட்டரையும் நிறுத்தி அதன் அவுட்புட் வயரைக் கழற்றி வைத்தோம். இது பல பேர் மறக்கிற இடம். மெயின் இறங்கியிருக்கிறது என்ற தைரியத்தில் கை வைப்பார்கள், இன்வெர்ட்டர் அந்தப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். டி.வி., ஃப்ரிட்ஜ், மோடம், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டோம். வயரின் உறை கசிகிறதா என்று அளக்கிற மெக்கர் 500 வோல்ட் தள்ளும், எலக்ட்ரானிக் சாமான் உள்ளே இருந்தால் போய்விடும். அதனால்தான் பழைய வீட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மெக்கர் வைக்காமல், இரண்டையும் தனித்தனியாக எர்த்துக்கு எதிராக வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

முதலில் ஆர்.சி.சி.பி.யே கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே போகிற வயர் அத்தனையையும் கழற்றிவிட்டு, மெயினைப் போட்டு அதை மட்டும் ஏற்றினோம். நின்றது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒழுங்காக விழுந்தது. அந்தப் பட்டன் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான். வயரிங் நல்லா இருக்கிறதா என்று அது சொல்லாது.

மெயினை மறுபடி இறக்கினோம். அடுத்தது நியூட்ரல் பார். வீட்டிலேயே நேரம் தின்றது இந்த இடம்தான். எந்த நியூட்ரல் எந்த எம்.சி.பி.யுடையது என்று ஒரு குறிப்பும் இல்லை. இரண்டு, மூன்று வயரை ஒரே ஓட்டையில் திணித்து முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, எர்த்துக்கு எதிராக மெக்கர் வைத்து, எண் எழுதிய துண்டு டேப்பைச் சுற்றிக்கொண்டே வந்தோம். மற்ற நியூட்ரல்கள் எல்லாம் பத்து மெகாஓமுக்கு மேலே காட்டின. வெள்ளத்தில் மூழ்கிய வீட்டுக்கு அது தாராளம். ஒன்று மட்டும் அடியோடு பூஜ்யம். அதில் மெக்கரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 180 ஓம். முந்தின ராத்திரி நல்ல மழை.

வயர் ஊறிவிட்டது என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. பி.வி.சி. உறை தண்ணீருக்குப் பயப்படுகிற பொருள் இல்லை. ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தரப்படி வயர் மாதிரியைத் தண்ணீரில் முக்கி வைத்தும் உயர் வோல்டேஜ் சோதனை செய்கிறார்கள். தண்ணீர் கெடுப்பது முனைகளையும் ஜாயிண்டுகளையும்: பிளக்கின் டெர்மினல், பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றிய இடம், உறை கீறிய இடம். உறை முழுசாக இருக்கிற வயரை, வெள்ளம் வந்தது என்பதற்காக மட்டும் சுவரைக் கொத்தி எடுப்பது காசைக் கரைக்கிற வேலை. பாக்ஸ்கள் விஷயம் வேறு. இந்த வீட்டின் தாழ்ந்த மெட்டல் பாக்ஸ் எல்லாமே துருப்பிடித்து, அடியில் ஆற்று வண்டல் கெட்டித்துப்போய் இருந்தன. அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கசிந்த நியூட்ரல் ஹால் பிளக் சர்க்யூட்டுடையது. டி.பி.யிலிருந்து கிளம்பி, ஹால் சுவரின் உச்சியில், கூரைக்கு ஓரடி கீழே உள்ள ஜங்ஷன் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து நேராக டி.வி. பிளக்குக்கு இறங்குகிறது. இன்னொரு கிளை படுக்கையறைக்குப் போகிறது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து மூன்றையும் பிரித்தோம். டி.பி.யிலிருந்து வருவது நன்றாக இருந்தது, படுக்கையறைக் கிளையும் நன்றாக இருந்தது. டி.வி.க்கு இறங்குகிற வயர்தான் பூஜ்யம். வீடு முழுக்கக் கொத்த வேண்டும் என்றிருந்தது எட்டடி நீளப் பைப்புக்குச் சுருங்கிவிட்டது. இதுவரை சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்த எட்டடியின் நடுவில், பிளக்குக்கு நேர் மேலே, சுவரில் மாட்டிய புது டி.வி.

"இது எப்பம் மாட்டுனது அக்கா?"

"ஆயுத பூஜைக்கு. ஆஃபர்ல வாங்கினோம். கம்பெனி ஆளே வந்து மாட்டிட்டுப் போனாவ. டி.வி. நல்லாத்தான் ஓடுது."

ஓடத்தான் செய்யும். ஸ்குரூ நியூட்ரலில் மட்டும் பட்டால் பிளக்கில் கரண்ட் வரும், படம் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஹால் சுவரில் பூச்சு அரை அங்குலம். அதற்குப் பின்னால் உடனே பைப். பிராக்கெட்டுக்குப் போடுகிற ஸ்குரூ 50 மில்லிமீட்டர். நேர்கோட்டில் விழுந்தால் பைப்பைத் துளைக்காமல் இருக்க வழியே இல்லை.

டி.வி.யை இறக்கிவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரைக் கட்டி, உதவிக்கு வந்த தம்பியை அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, பிராக்கெட் ஸ்குரூவை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மேலே இரண்டில் மீட்டர் அசையவில்லை. கீழே இடது பக்கத்து ஸ்குரூ கால் சுற்றுத் திரும்பியதும் "அண்ணே, ஓடுது ஓடுது" என்றான். 180 என்று நின்ற எண் நானூறு, இரண்டாயிரம் என்று தாவி, ஸ்குரூ வெளியே வந்ததும் மீட்டரின் அளவையே தாண்டிவிட்டது. ஸ்குரூவின் மேல்பகுதி முழுக்கத் துரு. நுனியில் இரண்டு மூன்று புரிகளில் மட்டும் துரு இல்லை. அங்கே செம்பு தேய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் மினுமினுத்தது. பக்கத்திலேயே பச்சை பி.வி.சி. தோல் ஒரு துணுக்கு, எர்த் வயருடையது. நியூட்ரலில் ஆழமாகவும் எர்த்தில் மேலோட்டமாகவும் கடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே துருவும் ஈரமும். காய்ந்தால் தடை ஏறும், நனைந்தால் இறங்கும். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை, அதற்கு மேல் ஐப்பசி. வெயில் நாளில் விழாததன் ரகசியம் அவ்வளவுதான்.

இது டிரிப் ஆகிற தொல்லையோடு நின்றிருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரல் எங்காவது மேலே விட்டுப்போனால், டி.வி. வழியாக ஃபேஸ் திரும்பி வந்து அதே ஸ்குரூவில் உட்காரும். இரும்பு பிராக்கெட் முழுக்க ஷாக் அடிக்கும். ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிடச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை ஒருமுறை விளக்கினேன்.

வெள்ளத்தின் பங்கு

ஸ்குரூவை எடுத்த பிறகு மெக்கரை மறுபடி வைத்தேன். நன்றாக ஏற வேண்டிய அளவு 0.6 மெகாஓமில் நின்றுவிட்டது. ஃபேஸ் வயரை எர்த்துக்கு எதிராக வைத்தால் 0.4. குறைந்தது ஒரு மெகாஓமாவது இருக்க வேண்டும். ஃபேஸை ஸ்குரூ தொடவே இல்லை. அப்படியானால் அதே இறக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

எப்படியும் கடிபட்ட வயரை மாற்றத்தான் போகிறோம். அதனால் பழைய வயரோடு நைலான் கயிற்றைக் கட்டி மேலிருந்து இழுத்தோம். ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. கீழே பிளக் பாக்ஸிலிருந்து வயர் இழுக்கிற ஸ்பிரிங்கை விட்டால் முழங்கால் உயரத்தில் முட்டியது. ஸ்பிரிங் உள்ளே போன நீளத்தை வெளியே சுவரில் அளந்து பென்சிலால் குறித்தோம். தட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் பூச்சு பொதபொதவென்று சத்தம் கொடுத்தது.

கட்டர் போட்டு இரண்டு பக்கமும் கோடு கிழித்து ஒன்றரை அடிக்கு மட்டும் உடைத்தோம். உள்ளே பைப் தொடர்ச்சியாகவே இல்லை. மேல் பைப் ஓரிடத்தில் முடிகிறது, கீழ் பைப் நாலு விரல் தள்ளித் தொடங்குகிறது. நடுவே பாலித்தீன் பையைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். பைக்குள் மூன்று வயரும் முறுக்கு ஜாயிண்ட், கருப்பு டேப். டேப்பைப் பிரித்தால் பசை கூழாகியிருந்தது, செம்பில் பச்சைக் களிம்பு, சுற்றிலும் சாம்பல் நிற வண்டல்.

அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்தது. "பழைய டி.வி.க்கு ஷோகேஸ் செஞ்சப்ப, பிளக்கு மேல இருக்குன்னு ஒருத்தரு வந்து கீழ எறக்கித் தந்தாரு. அது ஆச்சு பத்துப் பதினஞ்சு வருசம்."

அத்தனை வருடமும் அந்த ஜாயிண்ட் உலர்ந்த சுவருக்குள் கிடந்ததால் பிழைத்தது. 2023 வெள்ளம் இடுப்பளவு நின்றபோது முழங்கால் உயரத்தில் இருந்த அது முழுதாக மூழ்கியது. வெள்ளத்துக்கு அந்த வீட்டில் சுவருக்குள் சிக்கிய வயர் இந்த நாலு விரல் மட்டும்தான். ஒன்றரை அடியில் முடிகிற வேலைக்கு வீடு முழுக்கக் கொத்தியிருப்பார்கள். கொத்தியிருந்தால் இதுவும் சேர்ந்து போயிருக்கும், பழுது தீர்ந்துவிட்டது என்று எல்லாரும் நம்பவும் செய்திருப்பார்கள். புது வயர் இழுத்து முடித்துவிட்டு அதே பிராக்கெட்டை அதே ஓட்டையில் மாட்டும் வரைக்கும்.

சரிசெய்தது

சுவருக்குள் ஜாயிண்ட் போட்டு மறுபடி பூசுகிற பேச்சுக்கே இடமில்லை. ஜாயிண்ட் இருந்தால் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு பாக்ஸும் மூடியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஜாயிண்டே கூடாது. இங்கே இரண்டாவது வழிதான் எளிது. உடைத்த இடத்தில் புதுத் துண்டு பைப்பை வைத்து இரண்டு பக்கமும் கப்ளர் போட்டு சொல்யூஷன் தடவி ஒட்டினோம். ஸ்குரூ துளைத்த இடத்தில் ஓட்டையின் பிசிறு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், புது வயரின் தோலைக் கிழித்துவிடும். அதனால் அங்கேயும் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து பைப்பை மாற்றினோம். மேலிருந்து ப்ளோயர் அடித்து, கயிற்றில் துணி கட்டி இழுத்து, வண்டல் வராத வரைக்கும் துடைத்தோம். சொல்யூஷன் காய்ந்த பிறகு ஜங்ஷன் பாக்ஸ் முதல் பிளக் வரை 2.5 ஸ்கொயர் எம்.எம். புது வயர், சிவப்பு, கருப்பு, பச்சை மூன்றும், நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே இழுப்பு. ஜங்ஷன் பாக்ஸில் பழைய வயரோடு சேரும் இடத்தில் முறுக்கு, டேப்புக்குப் பதில் கனெக்டர்.

பூசுவதற்கு முன்பே மெக்கர் வைத்துவிட வேண்டும். பூசிய பிறகு குறை தெரிந்தால் கொத்தனாருக்கு இன்னொரு கூலி. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் எர்த்துக்கு எதிராக நூறு மெகாஓமுக்கு மேல் காட்டின. எர்த் தொடர்ச்சி, பிளக்கில் ஃபேஸ் வலது பக்கம் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கொத்தனாரை விட்டோம். தாழ்ந்த பாக்ஸ்களும் அன்றே மாறின. டி.பி.யில் ஒவ்வொரு நியூட்ரலையும் தன் எம்.சி.பி. வரிசையிலேயே பாரில் பூட்டி, எண் போட்ட வளையம் மாட்டினோம். இனி யார் வந்தாலும் நியூட்ரலைத் தேடிப் பிரிக்கிற வேலை இல்லை. ஹால் சர்க்யூட்டுக்கு மட்டும் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற டபுள் போல் எம்.சி.பி. ஒன்றை அண்ணாச்சி கேட்டார், போட்டுக் கொடுத்தோம். எல்லாம் சேர்த்து முதலில் சொன்ன தொகையில் கால்வாசி வரவில்லை.

சோதனையை அக்காவே நடத்தினார். ஹீட்டர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஓடவிட்டு, அரிசியோடு கிரைண்டரையும் தட்டிவிட்டு டி.பி. பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். விழவில்லை. அப்புறம் சுவரைப் பார்த்தார். "இந்தக் கலர் எங்க தம்பி சேரப்போவுது? திட்டுத் திட்டா அசிங்கமா தெரியுது." அதற்கு என்னிடம் மருந்து இல்லை. புதுப் பூச்சு நன்றாக உலராமல் புட்டி வைத்தால் உப்பிக்கொண்டு வரும் என்பதால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று.

டி.வி. பிராக்கெட்டை முக்கால் அடி வலது பக்கம் தள்ளி மாட்டினோம். பிளக்குக்கோ சுவிட்ச் பாக்ஸுக்கோ நேர் மேலே, நேர் கீழே இருக்கிற கோட்டில் பைப் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். திறந்து கிடந்த சுவரை, பக்கத்தில் டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி அண்ணாச்சி மகன் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். மார்கழி மழையிலும் ஆர்.சி.சி.பி. விழவில்லை என்று அக்கா போனில் சொன்னார். கீழ்த்தளத்தில் மிச்சமுள்ள பிளக்குகளை நாலடி உயரத்துக்கு ஏற்றுகிற வேலை மட்டும் பாக்கி. ஆறு மறுபடி வந்தால் என்ன செய்வது என்று அண்ணாச்சியே கேட்டுப் பேசி வைத்திருக்கிறார். வெள்ளையடிப்புக்கு முன்னால் செய்துவிட வேண்டும்.